அறியாமை என்னும் பழி

நாட்டுப்புறப் பெண்ணைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் எடுத்தாளும் சொல் அறியாமை என்பது. அவள் நோயை மறைக்கிறாள். காலங்கடந்து மருத்துவமனைக்கு வருகிறாள். வந்தபின்னும் வாய் திறவாள். கொடுத்த மருந்தை முறையாக உண்ணாள். இவற்றிற்கெல்லாம் அவளது கல்லாமையும் மிகையான நாணமுமே காரணம் என்று நகரத்தில் அமர்ந்து கட்டுரை எழுதுவோர் முடிவு கட்டிவிடுகின்றனர். மேடைப் பேச்சாளரும் அதையே வழிமொழிகின்றனர். கேட்போரும் கைதட்டுகின்றனர்; பழி தம்மேல் விழாமல் தப்பிற்று அன்றோ! இம்முடிவு பொய்யானது. பொய்யாவதோடு நில்லாது, தீங்கும் விளைப்பது.

மராட்டிய மாநிலத்தின் கிழக்கெல்லையில் கட்சிரோலி என்னும் மாவட்டம் உள்ளது. காடு மண்டிய நிலம்; கோண்டு பழங்குடியினரும் ஏழை உழவரும் வாழும் பகுதி. மருத்துவ இணையரான ராணி பங், அபய் பங் ஆகிய இருவரும் அங்குக் குடியேறி, இரு சிற்றூர்களின் பெண்களை அவர்தம் இசைவோடு ஆராய்ந்தனர். அவ்வாய்வு 1989 ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆராயப்பெற்ற 650 பெண்களுள் நூற்றுக்கு 92 பேர் கருப்பை சார்ந்த நோயோ பால்வழி நோயோ உடையவராய் இருந்தனர். சராசரியாக ஒருத்திக்கு மூன்றுக்கு மேற்பட்ட நோய்கள். ஆயினும் அதற்குமுன் ஒருமுறையேனும் இவற்றுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தோர் நூற்றுக்கு 8 பேரே ஆவர்.

92, 8 என்னும் இவ்விரு எண்களை மட்டும் காண்போர், "பாருங்கள், எத்துணை அறியாமை!" என்பர். ஆனால் அதே ஆய்வில் மூன்றாம் எண் ஒன்றும் உண்டு. அப்பெண்களுள் நூற்றுக்கு 55 பேர் தமக்குள்ள துன்பத்தைத் தம் வாயாலேயே எடுத்துரைத்தனர். எனவே நோவு உள்ளதை அவர்கள் அறியாமல் இல்லை. கேட்பதற்கு ஒரு பெண் மருத்துவர் ஊருக்குள் வந்து அமர்ந்தபோது அவர்கள் நாணித் தலைகுனிந்து ஓடவும் இல்லை. அதுகாறும் கேட்பார் இல்லை என்பதே உண்மை.

வீட்டு வாயிலிலிருந்து மருத்துவமனை வாயில்வரை ஒரு சிற்றூர்ப் பெண் கடக்கவேண்டிய வழியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெள்ளைப்படுதல், இடுப்பு நோவு, சேர்க்கையின்போது வலி ஆகிய இவற்றை அவள் யாரிடம் முதலில் கூறுவாள்? மாமியாரிடம் கூறினால், "எங்கள் காலத்தில் இல்லாத நோயா?" என்பது விடை. கணவனிடம் கூறினால் ஐயம் பிறக்கும். யார் கொடுத்த நோய் என்னும் வினா அவளை நோக்கியே எழும். இவ்விருவரின் இசைவும் கிட்டியது என்றே கொள்வோம். ஒருநாட் கூலி போகும். பேருந்துக் கட்டணம் வேண்டும். கைக்குழந்தையை யாரிடமேனும் விட்டுச் செல்லவேண்டும். இத்தனையும் கடந்து அங்குச் சென்றால், திரை இல்லாத அறையில், வரிசையில் நிற்போர் செவியில் விழுமாறு, ஆண் மருத்துவர் ஒருவர் "என்ன செய்கிறது?" என்று உரத்துக் கேட்பார். அவள் "தலைவலி" என்று கூறி மாத்திரை பெற்றுத் திரும்புகிறாள். இதனை அறியாமை என்பதா? தன் நிலைமையைத் துல்லியமாக அறிந்தவள் செய்யும் செயல் அன்றோ இது!

மலேசியத் தோட்டப்புற வாழ்வை அறிந்தோர்க்கு இவ்வழி புதியது அன்று. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து மரம் சீவிய பெண்ணுக்கு ஒருநாள் வேலைக்குச் செல்லாமை ஒருநாள் ஊதிய இழப்பு. தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் பெரும்பாலும் ஓர் ஆண் டிரெசர். அவளுடைய கணவனுக்கும் தெரிந்தவர். லயத்தில் ஒரு வீட்டுச் செய்தி மறுவீட்டுச் சுவரைத் தாண்ட ஒருபொழுது போதும். அத்தகைய சூழலில் காய்ச்சலுக்கு மருந்து கேட்கலாம். கருப்பை நோய்க்குக் கேட்கலாகுமா? தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்த பின்னும், அம்மௌனத்தை அன்னையரிடமிருந்து மகளிர் பெற்றுக்கொண்டனர். பழக்கம் என்று இதற்குப் பெயரிடுவோர், அது எதனால் உண்டாயிற்று என்று கேட்பதில்லை.

சூழல் மாறினால் ஒழுகலாறும் மாறும் என்பதற்குத் தமிழ் நிலத்திலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை 30 வயது முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை நடத்தப்பெற்றது. பெரிய கருவிகள் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவி, நிறமாற்றத்தைக் கண்ணால் நோக்கி அறியும் எளிய முறை அது. அழைக்கப்பெற்ற 49,311 பெண்களுள் 31,343 பேர் வந்தனர். அஃதாவது நூற்றுக்கு 63 பேருக்கு மேல்! தகுதியுடையோர்க்கு அவ்வருகையின்போதே செவிலியர் உறைகுளிர் மருத்துவமும் அளித்தனர். இன்னொரு நாட் கூலியை இழந்து மீண்டும் வரவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அப்பகுதியில் அந்நோயால் நேரும் இறப்பு, பரிசோதனை நடவாத பகுதிகளைவிட 35 விழுக்காடு குறைந்தது என்று 2007 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு அறிவித்தது.

இந்தியத் தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்கையும் இதனோடு ஒப்பிடுக. தமிழ்நாடு முழுவதிலும் 30 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களுள் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டோர் நூற்றுக்குப் பதின்மர்கூட இல்லை. திண்டுக்கல் பெண்கள் மட்டும் பிறவியிலேயே அறிவுடையோரோ? நாணம் அம்மாவட்டத்து எல்லையோடு நின்றுவிட்டதோ? செவிலியர் அவர்களை நாடிச் சென்றனர். ஏனையோரை நாடி எவரும் செல்லவில்லை. வேற்றுமை அவ்வளவே.

கட்சிரோலி மருத்துவர்களும் இதனைத் தம் அனுபவத்தால் உணர்ந்தவர்களே. பெரிய கட்டடமும் வெள்ளுடையும் தமக்கு அச்சம் தருவன என்று பழங்குடியினர் கூறக் கேட்டு, குடில்கள் போன்ற அமைப்பில் மருத்துவமனையை எழுப்பி, அம்மக்கள் வழிபடும் தந்தேசுவரி அன்னையின் பெயரையே அதற்குச் சூட்டினர். 'மக்களுக்கு அறிவு புகட்டுதல்' என்று முழங்குவோர், மக்களிடம் கேட்டறிதல் என்பதொன்று உண்டென்பதை இவர்களிடம் கற்கலாம்.

இனி, கற்பு என்னும் பெயரால் நிகழும் கொடுமைக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986 இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் முயற்சியால் கண்டறியப்பட்டது. அந்நாளில் அது ஒழுக்கம் கெட்டோர் நோய் என்று பேசப்பட்டது. ஆனால் சென்னையில் அத்தொற்றுக்கு மருத்துவம் பெறவந்த 134 பெண்களை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரை, அவர்களுள் நூற்றுக்கு 88 பேர் தம் வாழ்நாளில் ஒருவனையன்றி வேறு ஆடவனை அறியாதவர் என்று காட்டிற்று. கற்பு அவர்களைக் காக்கவில்லை. உறையணியுமாறு கணவனிடம் கேட்கும் உரிமை இல்லாத மனைவிக்குத் திருமண வாழ்வே நோய் வரும் வாயிலாயிற்று. கேட்டாலோ, "என்னை ஐயுறுகிறாயா?" என்பான், அன்றி, "உனக்கு எங்கிருந்து தெரியும் இது?" என்பான். இரண்டாம் வினாவே கொடியது. அறிவே அவளுக்குக் குற்றமாகிவிடுகிறது. அறியாமையைப் பழிப்போரும் இவரே. அறிந்தால் தண்டிப்போரும் இவரே!

கருத்தடையிலும் இதே நீதிதான். மேற்கூறிய 2019–21 ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் அறுவை செய்துகொண்டோர். கணவன் செய்துகொண்டதோ ஆயிரத்துக்கு 3 என்னும் அளவு. ஆடவர்க்குரிய அறுவை எளிது; விரைவில் ஆறுவது. இருந்தும், வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் கடமை பெண்ணுக்கே வைக்கப்பட்டுள்ளது.

தமிழ் கற்பிப்போர்க்கு இவற்றில் என்ன தொடர்பு என்று வினவுவார் உளர். மிகுதியும் உண்டு. மருதத்திணையை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், பரத்தையிற் பிரிவைத் தயங்காமல் விளக்குகிறார். தலைவன் பரத்தையர் சேரி சென்று மீள்கிறான், தலைவி ஊடுகிறாள், தோழி வாயில் மறுக்கிறாள், பின் தலைவி ஏற்றுக்கொள்கிறாள். 'கற்பின் மாண்பு' என்று மாணவியர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றனர். அவ்வாறு மீண்ட தலைவன் தன்னுடன் எதைக் கொண்டுவந்திருப்பான் என்று கேட்கும் மாணவி இருந்தால், அவளுக்கு என்ன விடை கிடைக்கும்? "அமர்" என்பதே விடையாகும். தொல்காப்பியக் கற்பியல் பெண்ணின் பூப்பையும் அதனையடுத்த பன்னிரு நாள்களையும் பெயர் சொல்லியே இலக்கணம் வகுக்கிறது. அந்நூலார்க்கு இல்லாத கூச்சம் அதனைக் கற்பிப்போர்க்கு எங்கிருந்து வந்தது?

பூப்பு, சூலகம், கருப்பை, கருப்பைவாய், மாதவிடாய் எனத் தெளிவான சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றை விடுத்து 'அது', 'அங்கே', 'வீட்டுக்குத் தூரம்' என்று சுற்றி வளைக்கும் வழக்கத்தைப் பள்ளியும் ஏற்றுக்கொண்டது. சொல் மறுக்கப்பட்டவள் மருத்துவர் முன் நின்று எதைச் சொல்வாள்? தாய்மொழியில் தன் உடலின் பெயரைக் கூறமுடியாதவளைப் பார்த்து, அறியாதவள் என்று மேடையில் இரங்குவது எத்தகைய அறம்?

மலேசியாவில் 2010 ஆம் ஆண்டு முதல் பதின்மூன்று வயதுச் சிறுமியர்க்குப் பள்ளிகளின் வாயிலாகக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. அதற்குப் பெற்றோரின் இசைவுப் படிவம் வீட்டுக்கு அனுப்பப்படும். தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய தாய் அதனைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எந்த இடத்து நோய்க்கு, ஐயா?" என்று பழகிய தமிழாசிரியரிடம் வந்து கேட்கிறாள் எனக் கொள்வோம். "அரசாங்கம் போடச் சொல்கிறது, கையொப்பம் இடுங்கள்" என்று சொல்லித் தப்புவாரா, கருப்பைவாய் என்னும் சொல்லை அவள் முகம் நோக்கிச் சொல்வாரா?