ஓணானை அடிக்காதீர்கள்

மன்னார் நறுவிலிக்குளத்துக் கத்தரித் தோட்டமானாலும், மலையக லயத்துக்குப் பின்னாலுள்ள போஞ்சிப் பாத்தியானாலும், ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் பழக்கம் ஒன்றுதான். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னியிலும் மன்னாரிலும் குடியேறிய நம் உறவுகளும், இங்கே தோட்டங்களில் வாழும் நாமும் இதை விட்டொழிக்க வேண்டும்.

ஓணான் தூர நின்றே இரத்தம் உறிஞ்சும், அரணை கடித்தால் மரணம் என்று கேட்டு வளர்ந்தோம். இரண்டும் பொய். இனப்பெருக்க காலத்தில் ஆண் ஓணானின் கழுத்து சிவக்கும். அது நம் இரத்தம் அல்ல. அரணைக்கும் வீட்டுப் பல்லிக்கும் நஞ்சு கிடையாது.

ஓணான் வெட்டுக்கிளி, வண்டு, புழு, எறும்பு ஆகியவற்றைத் தின்கிறது. அரணை சருகுக்கடியில் பூச்சி தேடுகிறது. இரவில் விளக்கடியில் அந்துப்பூச்சியைப் பிடிப்பது பல்லி. இவை பூச்சியை அடியோடு ஒழித்துவிடா. ஆனால் கூலி கேட்காமல் தினமும் வேலை செய்கின்றன.

இயற்கைக் காவலாளியைக் கொன்றால் என்ன நடக்கும் என்பதைத் தேயிலையே காட்டியிருக்கிறது. 1930களில் இலைச்சுருட்டுப் புழுவை அடக்க ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி கொண்டுவரப்பட்டது. நம்மைக் கொட்டும் குளவி அல்ல. புழுவின் உடம்பில் முட்டையிடும் இனம். புழு அடங்கியது. பின்னர் 1950களில், கொப்பைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள். குளவி மடிந்தது, புழு மீண்டும் பெருகியது.

வீட்டுத்தோட்டத்திலும் இதே கணக்குத்தான். ஓணானை அடித்துவிட்டு, அது தின்றிருக்கும் புழுவுக்கு மருந்து வாங்குகிறோம். நாட்சம்பளத்தில் வாயையும் வயிற்றையும் கட்டி மிச்சம் பிடித்த காசு அது. அந்த மருந்து பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும் குடிநீர்ப் பீலியிலும் படிகிறது. மலையில் மருந்தடிக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் தரும்படி நிர்வாகத்திடம் கேட்கிறோம். அதே நஞ்சை நம் வாசலில் நாமே வெறுங்கையால் அடிக்கலாமா?

வேலியோரம் கொஞ்சம் பற்றையும் சருகும் இருக்கட்டும். மண்ணைக் கொத்தும்போது வெள்ளை முட்டைகள் தென்பட்டால் மூடிவிடுங்கள். நுவரெலியாப் பக்கத்து வேலிகளில் திரியும் கறுப்பு உதட்டு ஓணான் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கல்லைக் கீழே போடச் சொல்லுங்கள்.