பெயரில்லா மீனும் காப்புச் சட்டமும்

பெயர் உள்ளவனுக்கே சட்டத்தில் இடமுண்டு என்பது நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் நன்கறிந்த விஷயம். கடல்வாழ் பிராணிகளுக்கும் பெரும்பாலும் இந்த நியதியே வழங்கி வருகிறது. இன்ன இனம் என்று ஜாபிதாவில் ஏறிய மீனுக்குப் பாதுகாப்பு; ஏறாத மீனைக் கேட்பாரில்லை. இம்முறை போதாது என்பது நமது அபிப்பிராயம். பவழப் பாறைகளில் வாழும் தேவதை மீன்களின் வரலாறே இதற்குச் சாட்சி.

1914-ஆம் வருஷத்தில், அட்லாண்டிக் சமுத்திரத்துத் தேவதை மீன் ஒன்றை நிக்கல்ஸ், மௌப்ரே என்னும் இருவர் புதிய இனமென்று நிச்சயித்து, டௌன்செண்ட் என்பவரின் பெயரைச் சூட்டினார்கள். 1968-இல் பெடர்ன் என்ற ஆராய்ச்சியாளர், அது ராணித் தேவதை மீனும் நீலத் தேவதை மீனும் கலந்து பிறந்த சந்ததியே என்று காட்டினார். தீர்ப்பு மாறியது, பெயர் தள்ளுபடியாயிற்று. மீன் மாத்திரம் முன்போலவே நீந்திக் கொண்டிருக்கிறது!

இது எங்கோ நேர்ந்த பிசகு என்று சிலர் சொல்லக்கூடும். அன்று. 2020-இல் வெளியான ஆராய்ச்சியொன்று, இக்குடும்பத்தில் 42 இனங்கள், அதாவது நூற்றுக்கு 48 பங்கு, கலப்பில் சம்பந்தப்பட்டிருப்பதாகக் கணக்கிட்டது. ஏறக்குறைய பாதிக் குடும்பத்தில் நடப்பதை விதிவிலக்கு என்று எப்படிச் சொல்வது?

கலப்புக்குக் காரணம் அவற்றின் குடும்ப அமைப்பிலேயே இருக்கிறது. குள்ளத் தேவதை மீன்களில், ஓர் ஆண் சில பெண்களுடன் எல்லை வகுத்து வாழும். அந்தி வேளையில் அவை முட்டையிடும். ஆண் மறைந்தால் பெண்களிற் பெரியது ஆணாக மாறித் தலைமை ஏற்கும். தன் இனத்தில் துணை கிடைக்காத மீனோ அயலினக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் இந்து மகா சமுத்திரத்து மீன்களும் பசிபிக் மீன்களும் சந்திக்கின்றன. இலங்கைக் கடலிலும் காணப்படும் ஐபிள் தேவதை மீன், எலுமிச்சை நிறத் தேவதை மீன், முத்துச் செதில் தேவதை மீன் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றோடொன்று கலக்கின்றன. துணையின் அருமையே இதற்கு முக்கிய காரணமென்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

கலப்பினால் அபூர்வ இனம் பெரிய இனத்தில் கரைந்து போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, அந்த அபாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் துணைப் பஞ்சத்தினால் வந்த கலப்புக்குப் பரிகாரம் பஞ்சத்தை நீக்குவதேயன்றிக் கலப்பு மீனைப் புறக்கணிப்பதன்று. பவழப் பாறை அழிந்தும், வலைகள் மிகுந்தும் மீன்கள் அருகுவதை முதலில் தடுக்க வேண்டும். கண்ணாடித் தொட்டிப் பிரியர்கள் கலப்பு மீனுக்கு மிகுந்த விலை கொடுக்கிறார்கள். சந்தை அறிந்த மதிப்பைச் சட்டம் அறியாதிருப்பது விந்தையே.

ஆஸ்திரேலிய சர்க்கார் 2022-இல் கிறிஸ்துமஸ் தீவைச் சுற்றிய கடலைக் காப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தது போற்றத்தக்கது. பிரதேசத்தைக் காத்தால், அதில் வாழும் ஜீவன்கள் பெயர் பெற்றவையாயினும் பெறாதவையாயினும் பிழைக்கும். மற்றத் தேசங்களும் இவ்வழியையே பின்பற்ற வேண்டும். ஜாபிதா மனிதன் எழுதியது, நாளை திருத்தலாம். அழிந்த பவழப் பாறையை அவ்வாறு திருத்தி எழுத எந்தச் சர்க்காராலும் இயலாது.