பெட்டி மாறிப் போனால்

சிங்கப்பூரிலிருந்து கப்பற் சுற்றுலாச் சென்று மீண்ட வத்தளைச் சகோதரி ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் வரைந்துள்ளார். பினாங்கு, புக்கெட் என நான்கு நாள்கள் இன்பமாகக் கழிந்தனவாம். இறங்கிய அன்றுதான் இடி விழுந்தது. துறைமுக மண்டபத்தில் தமதென்று இழுத்து வந்த கறுப்புப் பெட்டியை விடுதியிலே திறந்தால், உள்ளே யாரோ ஓர் ஆடவரின் காற்சட்டைகள்! கணவரின் இருதய நோய்க் குளிசைகள் அனைத்தும் மாறிப்போன பெட்டியில். அன்றிரவு பெட்டி மீண்டது. அதற்குள் இரண்டு வேளை மருந்து தப்பிவிட்டது.

பெரிய கப்பல்களில், இறங்குவதற்கு முந்திய இரவே பெட்டிகளை அறை வாயிலில் வைத்துவிடச் சொல்வர். ஊழியர் அவற்றைச் சேகரித்து, கட்டியுள்ள அட்டையின் நிறமோ இலக்கமோ பார்த்துக் கரை மண்டபத்தில் அடுக்குவர். ஆயிரக்கணக்கான பெட்டிகள், பெரும்பாலானவை கறுப்பு. நம் பாட்டனார் தகரப் பெட்டியின்மேல் வெள்ளை மையாற் பெயரும் ஊரும் எழுதுவித்தபோது சிரித்தவர்கள் நாம். இன்று கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடா கட்டவும் சோம்புகிறோம்.

வெளி அட்டை அறுந்துபோகக்கூடும். ஆதலாற் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய தாளொன்று பெட்டிக்குள்ளும் இருக்கட்டும். மண்டபத்தை விட்டு நீங்குமுன் அட்டையிலுள்ள பெயரை வாசியுங்கள். பெட்டி மாறியது அங்கேயே தெரிந்தால், முறைப்பாட்டை எழுத்திற் பதிவு செய்வித்த பின்னரே வெளியேறுங்கள். பின்னர் தெரிந்தாற் பிறர் பொருளைக் கிளறாது கப்பற் கம்பனிக்கு உடனே அறிவியுங்கள். உங்கள் பெட்டியை வைத்திருப்பவரும் அங்கேதான் விசாரிப்பார். தாமே பெட்டியை இழுத்து இறங்கப் பல கப்பல்களில் அனுமதியுண்டு. உடலில் வலுவுள்ளோர்க்கு அதுவே மேல்.

மருந்து, கடவுச்சீட்டு, மூக்குக்கண்ணாடி, பணம் ஆகியவை கைப்பையை விட்டு அகலலாகாது. ஏறும் நாளிலும் அப்படியே. பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாவதுண்டு. இறங்கும் காலைக்கு ஓர் உடுப்பும் சப்பாத்தும் எடுத்து வைக்க மறவாதீர்கள். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு இரவுடையோடு விழித்தவர்களும் உளர். ஸ்திரிக்கைப் பெட்டி வேண்டாம். தீ அபாயம் கருதிக் கப்பலார் வாங்கி வைத்துக்கொள்வர்.

மணிக்கூட்டிலும் கவனம் வேண்டும். புக்கெட் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருக்க, கைத்தொலைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறினால், நான்கு மணியென்று கடைத்தெருவில் உலாவுவீர்கள், கப்பலில் ஐந்தாகியிருக்கும். தனியொருவருக்காகக் கப்பல் காத்து நில்லாது.

குளிசையின் பெயரைச் சொல்லியும் மருந்துக்கடையிற் கிடைக்கவில்லையென்று சகோதரி வருந்துகிறார். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். வைத்தியரின் சீட்டின்றிக் கொடுக்கவும் மாட்டார்கள். அடுத்த பிரயாணத்துக்குமுன் மருந்தின் இயற்பெயரும் அளவும் எழுதிய சீட்டொன்றை வைத்தியரிடம் பெற்றுக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. தப்பிய வேளைகளை ஈடுசெய்ய ஒரேயடியாக இரட்டிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள்; வைத்தியரைக் கேட்டே செய்யுங்கள்.