‘குணமடைந்தார்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேனி மாவட்டம் வைகை அணையில் பொதுப்பணித்துறை ஊழியனாக முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காலை ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்து நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு மூன்றையும் நோட்டில் எழுதுவது என் வேலை. ‘வைகை அணை, மொத்தம் 71 அடி’ என்று நீங்கள் தினமும் போடும் செய்தி அப்படித்தான் பிறக்கிறது. 66 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5க்கு இரண்டாவது, 69க்கு மூன்றாவது. கரையோர ஊர்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தாக வேண்டும். எழுதி மூடிவைக்க அந்த நோட்டு எதற்கு? பாம்புக்கடிக் கணக்குக்கும் இதே கேள்விதான்.

2024 நவம்பரில் தமிழக அரசு, 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ், பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் கணக்குக் கொடுக்க வேண்டும். படித்தபோது சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகுதான் என் தம்பி மகனைப் பாம்பு கடித்தது.

மும்முனைக் கரண்ட் வந்த நேரம், நள்ளிரவு. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போடப் போனவனை வாய்க்கால் வரப்பில் கண்ணாடிவிரியன் பிடித்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம், இரவு முழுக்க அவனோடு போராடிய நர்ஸ்களை நான் குறை சொல்ல மாட்டேன்) கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்த்தார்கள். உறையாமல் தண்ணீராக ஓடியது. விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏறியது, பிறகு இன்னும் பத்து. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டில் ‘விஷக்கடி, குணமடைந்தார்’ என்று இருந்தது.

நாலு மாதத்தில் முகமும் காலும் வீங்கின. சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். இப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு டயாலிசிஸ். அங்கே அவன் ‘சிறுநீரகச் செயலிழப்பு’. முதல் ஆஸ்பத்திரியில் இன்னமும் ‘குணமடைந்தார்’. ஒரே ஆள், இரண்டு ஏடு, இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை. நடுவில் ஒரு போன் வந்து, “தம்பி, ஒன்றுக்குச் சரியாகப் போகிறதா?” என்று கேட்டிருந்தால் போதும், முன்னாலேயே காட்டியிருப்போம். என் ஆட்சேபணை இதுதான்: ஆளைப் பின்தொடராத பதிவேடு வெறும் தலை எண்ணிக்கை.

ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கே தெரிந்த கதை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தார்கள் என்ற மதிப்பீடு, வீடுவீடாகப் போய் இறப்பை விசாரித்த ஆய்வில் கிடைத்தது. ஆஸ்பத்திரி ஏடுகளில் இருந்தது இதில் சிறு பங்கு.

ஆளைப் பின்தொடர்ந்து பதிவது இங்கே நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு, பக்கத்து மாவட்டத்தைக் காட்டுகிறேன். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் 2003 முதல் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்களுக்கு வினிகர் தடவிக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்ததில், அந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் வந்தது. அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் பதிவேடு. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று தேடி எழுத ஆட்கள் இருந்தார்கள்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தனிக் கேள்விகளும் உண்டு. விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் செய்தது. அதற்கு விஷம் பெரும்பாலும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து போகிறது. ஊருக்கு ஊர் ஒரே பாம்பின் விஷமும் மாறுகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அப்படியானால் கம்பம் திராட்சைத் தோட்டத்து விரியனுக்கு எத்தனை குப்பி தேவைப்படுகிறது? கடித்து எத்தனை மணி நேரத்தில் முதல் குப்பி ஏறியது? விடியற்காலை ஜீப்பில் கேரளத்து இடுக்கிக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைக் கடிக்கும் குழிவிரியனுக்கு இந்த மருந்து கேட்காது. அங்கே கடிபட்டு இங்கே வந்து படுப்பவர் எந்த மாநிலக் கணக்கில் வருகிறார்?

டாக்டர்களைப் பிடித்துக் கொடுக்க இந்தக் கணக்கைக் கேட்கவில்லை. நோயாளியின் பேரும் வெளியே வர வேண்டாம். கடித்த நேரம், மருந்து ஏறிய நேரம், குப்பி எண்ணிக்கை, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஆள் எப்படி இருக்கிறார் என்பதை எழுதட்டும். எங்கள் மாவட்டத்தில் க.விலக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு பதிவேட்டாளரை அங்கே உட்காரவைத்து, கிராமச் செவிலியர்களோடு போன் தொடர்பு கொடுத்தால் ஆகிற வேலை. வட்டாரவாரியாகத் தொகுத்து மாதம் ஒருமுறை கொடுத்தால், நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் நீங்கள் போடுவீர்கள்தானே?

வருகிற புதன்கிழமை அவனுக்கு டயாலிசிஸ். நானும் கூடப் போகிறேன். அந்தப் பழைய சீட்டையும் எடுத்துப் போய், யாராவது வாங்கிச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்கப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை ஊழியர்,
வைகை அணை, தேனி மாவட்டம்.