ஈ அறியாத வேலி

கண்டம் ஒன்றின் கதவையே சாத்த வைத்தது ஓர் ஈ! 2014 மே முதல் நாள், இந்திய மாம்பழம் உள்ளே வரலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. போய் இறங்கிய பெட்டிகளில் பழ ஈ இருந்ததே காரணம். 2015-இல் தடை நீங்கிற்று. ஈ நீங்கிற்றா? கிருஷ்ணகிரித் தோட்டங்களைக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே!

மருந்தடித்தால் தீராதா என்பார்கள். அடித்துத்தான் பார்க்கிறோமே! பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சுகிறது. பூ கருகுகிறது, பிஞ்சு உதிர்கிறது. உடனே நஞ்சு! அந்த நஞ்சு பூச்சியை மட்டுமா கொல்கிறது? பூச்சியைத் தின்னும் சிலந்தியையும், மகரந்தம் சுமக்கும் தேனீயையும் சேர்த்தே கொல்கிறது. காவலனைக் கொன்று கள்ளனுக்கு வழிவிட்ட கதை! இலாபம் கடைக்காரருக்கு, கடன் உழவருக்கு, முகத்துக்கு மறைப்பின்றித் தெளிப்பானைத் தோளில் சுமக்கும் கூலித் தோழனுக்கோ தலைச்சுற்றலும் மூச்சுத் திணறலும்!

மாற்று வழி உண்டா? உண்டு. அறுவடை முடிந்ததும் அடர்ந்த கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விடுங்கள். நிழலும் ஈரமுமே தத்துப்பூச்சியின் மாளிகை. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவெல்லாம் நீரில் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது காதி சோப்பும் கரைத்து, பூங்கொத்து தலைகாட்டும்போதே தெளியுங்கள். பழ ஈக்கு? ஆண் ஈயை இழுத்து மடக்கும் கவர்ச்சிப் பொறியைத் தொங்கவிடுங்கள். உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி 2 அடி ஆழத்தில் புதையுங்கள். விட்டுவைத்தால், பழத்துக்குள்ளிருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். மீண்டும் ஈயாகி மேலெழும்.

மரம் நிலத்துக்காரருக்கு, காய் குத்தகைக்காரருக்கு, உதிர்ந்த பழம் யாருக்கு? கேட்பாரில்லை, அதனால் ஈக்கு! பொறுக்க ஆள்கூலி யார் தருவது என்று கேட்கிறார்கள். நஞ்சுக்குக் கொட்டும் காசில் ஒரு பங்கை உழைக்கும் கைக்குக் கொடுங்கள் என்கிறோம். மருந்துக்குப் போன பணம் ஊரை விட்டுப் போகும். கூலியாய்ப் போன பணம் ஊருக்குள்ளேயே அடுப்பெரிக்கும்.

ஒன்று மட்டும் மறவாதீர். ஈ வேலி அறியாது, பட்டா அறியாது. நீங்கள் புதைத்து, அடுத்த தோட்டத்தார் அழுகவிட்டால், அவர் வளர்த்த ஈ உங்கள் மரத்தில் முட்டையிடும். ஆலை வாயிலில் ஒருவன் மட்டும் நின்றால் அது வேலைநிறுத்தமா? ஊரே ஒரே வாரத்தில் பொறி கட்டட்டும். ஊரே பழம் பொறுக்கட்டும். பொறியை ஊருக்கு ஊர் கொண்டுவந்து கொடுப்பது அரசின் கடமை. கேட்டு வாங்குவது நம் கடமை!