தொலைவில் இருக்கும் கணினிக்கும் பதிவேட்டில் ஒரு வரி வேண்டும்

ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் உள்வலையமைப்பிலும் ஒரு பதிவேடு உண்டு. எந்தக் கணினி நம்முடையது, அதன் பெயர் என்ன, யார் அதைப் பயன்படுத்துகிறார், எந்தக் கோப்புகளை அது திறக்கலாம் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். கணினிப் பிரிவினர் அதை டைரக்டரி என்பர். ஆய்வாளர்களாகிய நாம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நிர்வாகத்தின் வேலை என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பதிவேட்டில் யாருடைய கணினிக்கு இடம் உண்டு என்பது, யார் எங்கிருந்து ஆய்வு செய்யலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது.

நான் கொச்சியில், வைட்டிலாவில் அறை எடுத்துத் தங்கிக் கள ஆய்வு செய்து வருகிறேன். ஆய்வுக்குப் பதிந்துள்ள பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில், ஓரிரவு ரயில் பயணத் தொலைவில் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் சலவைத் தொழில் செய்யும் வண்ணார் குடும்பங்களின் தமிழை ஒலிப்பதிவு செய்கிறேன். தலைமுறைகளாக மலையாளத்தின் நடுவே வாழும் தமிழ் அது. பதிவுக்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெற வேண்டும். முதிய பெண்மணி ஒருவர், “இதையெல்லாம் எங்க கொண்டுபோயி வைப்பீங்க?” என்று கேட்டார். “எங்க யுனிவர்சிட்டியிலதான் இருக்கும்மா, வெளியே போகாது” என்றேன். சொன்னபோது அது உண்மை என்றே நம்பினேன்.

துறையின் ஒலிக்கோப்புகள் இருக்கும் சர்வர், பதிவேட்டில் உள்ள கணினிகளுக்கு மட்டுமே கதவைத் திறக்கும். என் மடிக்கணினியைப் பதிய வேண்டும் என்று கேட்டபோது, நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். சென்றேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சில மாதங்கள் கழித்துக் கதவு மீண்டும் மூடியது. தொண்ணூறு நாட்கள் வளாகத்தில் தென்படாத கணினிகளைப் பட்டியலிலிருந்து நீக்குவது வழக்கமாம். மறுபடியும் நேரில் வர வேண்டும் என்றார்கள். வளாகத்தில் இல்லாததால் பெயர் நீங்கியது. பெயர் இல்லாததால் வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

அடுத்த பயணம் வரையில் அந்தக் குரல்கள் எங்கே இருந்தன? தனியார் மேகச் சேமிப்பில், என் சொந்தக் கணக்கில். கருவி கெட்டுவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற அச்சத்தில் நானே ஏற்றினேன். அந்த அம்மாவிடம் சொன்ன சொல் பொய்யாகிப் போனது. பொய்யாக்கியது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வெளியூரில் இருந்துகொண்டு முறைப்படி நடக்க நினைத்த ஒருவருக்கு, முறைப்படியான வழி ஒன்றுகூட இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இது இணைப்பு இல்லாத குறை அன்று. இணைய வசதி அடிப்படை உரிமை என்று அறிவித்த மாநிலத்தில் இருக்கிறேன். கேஃபோன் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. கம்பி வீட்டுவாசல் வரை வந்துவிட்டது. கம்பியின் மறுமுனையில் பெயர் இல்லை என்பதே சிக்கல்.

மொழியியல் படித்தவர்களுக்கு இது பழகிய சிக்கல். அ, இ, உ மூன்றையும் சுட்டு என்கிறது தொல்காப்பியம். இன்றைய தமிழகப் பேச்சில் ‘இது’வும் ‘அது’வும் மட்டுமே எஞ்சியுள்ளன. யாழ்ப்பாணத் தமிழில் ‘உது’ இன்னும் உயிரோடிருக்கிறது; கேட்பவருக்கு அருகில் உள்ளதை அது சுட்டும். நம் வலையமைப்புப் பதிவேடுகள் ‘இங்கே’, ‘அங்கே’ என்ற இரண்டை மட்டும் அறிந்தவை. வளாகத்துக்குள் இருந்தால் நம்முடையது, வெளியே இருந்தால் அந்நியம். வெளியூரில், ஆனால் நம்மவர் கையில் இருக்கும் கணினியைச் சுட்ட அவற்றிடம் சொல் இல்லை.

பெயரையும் இடத்தையும் பிரித்துப் பார்ப்பது கணினி உலகுக்குப் புதிதன்று. அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பேணிவந்தது. வலை பெருகியபோது ஒரு கோப்பு போதவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். என்னும் பரவலான பெயர்முறையை முன்வைத்தார். முகவரி மாறினால் பெயர்ப் பதிவைத் தானாகவே புதுப்பிக்கும் நெறிமுறை 1997இல் வந்தது. காலையில் அறையிலும் மாலையில் நூலகத்திலும் இருக்கும் ஒரு கணினி, முகவரி மாறினாலும் பெயர் மாறாமல் இருக்க முடியும் என்பதே இதன் பொருள்.

நேரில் வந்தே பதிய வேண்டும் என்பதற்கும் தொழில்நுட்பக் காரணம் இல்லை. பல நிறுவனங்கள் பயன்படுத்தும் விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரியில், உள்வலையைத் தொடாமலேயே ஒரு கணினியைச் சேர்க்கும் வசதி விண்டோஸ் 7 காலத்திலிருந்தே, அதாவது 2009 முதல் இருக்கிறது. நிர்வாகி பதிவேட்டில் கணக்கை உருவாக்கி, அதற்குரிய கோப்பை அனுப்புகிறார். தொலைவில் இருப்பவர் அதைத் தம் கணினியில் ஏற்றுகிறார். அதன்பின் வி.பி.என். வழியே உள்ளே வரலாம். அந்தக் கோப்பு சாவிக்கு நிகரானது என்பதால் பாதுகாப்பாக அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

கணினிப் பிரிவினரின் அச்சத்தை நான் இலேசாகக் கருதவில்லை. பதிவேட்டில் உள்ள கணினியை வலையமைப்பு நம்புகிறது. அந்தக் கணினி ரயிலில் திருடுபோனால், அல்லது தீநிரல் புகுந்தால், வளாகம் முழுவதும் பாதிக்கப்படலாம். ஓர் இரவில் கோப்புகள் பூட்டப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். ஆனால் பதிய மறுப்பதால் அபாயம் குறைகிறதா? பதிவு கிடைக்காதவர் வேலையை நிறுத்திவிடுவதில்லை. நண்பரின் கடவுச்சொல்லைக் கடன் வாங்குகிறார். பென்டிரைவில் கோப்புகளைக் கொடுத்தனுப்புகிறார். என்னைப் போல மேகத்தில் ஏற்றுகிறார். பதிந்த கணினியை ஒரு கட்டளையில் முடக்கலாம். பதியாத வழிகளை யாரும் அறியவும் முடியாது.

ஆளை அடையாளம் கண்டால் போதுமே, கணினியை எதற்குப் பதிய வேண்டும் என்று கேட்கலாம். படிப்பதற்கு அது போதும். இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பு அந்த வழியில்தான் இயங்குகிறது: இவர் எங்கள் மாணவர் என்று அவரவர் நிறுவனமே சான்று கூறும், அவர் எங்கிருந்தும் இதழ்களைப் படிக்கலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் அடங்கும். பிறர் எழுதியதைப் படிக்க இவ்வளவு ஏற்பாடு நடக்கிறது. நாம் திரட்டியதைப் பத்திரமாக வைக்க? பிறருடைய குரலைச் சேமிக்கும் இடத்தில், வருபவர் யார் என்பதோடு எந்தக் கருவியில் வருகிறார் என்பதும் முக்கியம். அதனால்தான் கணினிப் பதிவை ஒழிக்கச் சொல்லாமல், விரிக்கச் சொல்கிறேன்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஒன்று, நெறியாளரின் பரிந்துரையோடு தொலைவிலிருந்தே விண்ணப்பிக்கும் வழி. இரண்டு, பதிவுக்குக் கள ஆய்வுக் காலத்துக்கு ஏற்ற கெடு. அது முடியும் முன் ஓர் அறிவிப்பு. மூன்று, தொலைவுக் கணினிக்கு அதன் ஆய்வுத் திட்டத்தின் கோப்புறை மட்டும் திறக்க வேண்டும். வளாகம் முழுவதும் வேண்டியதில்லை. நான்கு, வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். தொலைந்தால் அன்றே தெரிவிப்பது ஆய்வாளரின் கடமை.

பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் ஏற்கின்றன. வேலை பார்ப்போர், குழந்தை வளர்ப்போர், மலையூர்களில் களப்பணி செய்வோர் எனப் பலர் வளாகத்துக்கு வெளியேதான் ஆய்வை நடத்துகிறார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் உண்டு. கட்டணப் பதிவேட்டில் தவறாமல் உண்டு. மூன்றாவது பதிவேட்டிலும் இருக்க வேண்டாமா?

கோப்புகளை இப்போது சர்வருக்கு மாற்றிவிட்டேன்; அதற்கும் ஒரு ரயில் பயணம் தேவைப்பட்டது. மேகத்தில் இருந்தவற்றை அழித்தேன். நடந்ததை அந்த அம்மாவிடம் சென்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “இப்பவாச்சும் அங்கதானே இருக்கு?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த தொண்ணூறு நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.