நிழலுக்கும் ஒரு பிளான் போடுவோமா?

சிவில் படிக்கும் நண்பர்களே! நம் டிராயிங் ஷீட்டில் கதவுக்கு அளவு உண்டு, ஜன்னலுக்கு அளவு உண்டு. நிழலுக்கு? யாரும் கோடு போடுவதில்லை!

கள்ளக்குறிச்சி ஏறக்குறைய 11.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில்கூட சூரியன் தெற்கே சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு நீட்டினால் 2.8 அடிக்கு நிழல் இறங்கும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் செலவு மிச்சம்னு முதலில் வெட்டுவது சன்ஷேடைத்தான்! மேற்கு வெயிலோ சாய்ந்து வந்து, சன்ஷேடுக்குக் கீழே புகுந்துவிடும். அங்கே போய்ப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து, அப்புறம் திரை போட்டு மூடி, பட்டப்பகலில் டியூப் லைட் எரிக்கிறோம். என்ன நாகரிகமோ!

கல்வராயன் மலையின் பழைய புல்வேய்ந்த வீடுகளில் குனிஞ்சுதான் நுழையணும். வெயில் வாசலோடு நின்னுடும்; தரையில் பட்டுத் திரும்பும் மெல்லிய வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். கண் கூசாது, மனசும் அடங்கும். 'இருட்டு வீடு' என்ற கேலியை நான் ஏற்கமாட்டேன். வெளிச்சம் போதவில்லையா, வடக்கே ஒரு ஜன்னல் திறக்கலாம். அதுக்காகக் கூரை நிழலையே வெட்டணுமா? மேற்குச் சுவருக்கு, லாரி பேக்கர் செங்கல்லில் இடைவெளி விட்டுக் கட்டிய ஜாலி இருக்கவே இருக்கு.

அடுத்த வீட்டு பிளானில் ஜூன் நிழலையும் டிசம்பர் நிழலையும் புள்ளிக்கோட்டில் வரைந்து கொடுக்கப்போகிறேன். மார்க் குறைந்தாலும் சரி.